சரக்கொன்றையின் வறண்ட மாதங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒருபுறம் கடலும் மறுபுறம் செம்மண் மேடும் கொண்ட பொம்மையார்பாளையத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து முடிந்துவிடுகிறது. தை பிறந்தபின் வைகாசி வரை மேல்மண் சிறிது சிறிதாக ஈரத்தை இழந்து இறுகுகிறது. கிணறுகளில் நீர் கீழே இறங்குகிறது. இந்த நீண்ட வறட்சி உச்சத்தை நெருங்கும் சித்திரையில்தான், பழந்தமிழர் இளவேனில் என்று வகுத்த பருவத்தில், சரக்கொன்றை தன் இலைகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டு, கிளைதோறும் பொன்னிறப் பூஞ்சரங்களைத் தொங்கவிடுகிறது. நீர் மிகக் குறைவாக உள்ள காலத்தில் ஒரு மரம் தன் ஆண்டின் மிகப் பெரிய செலவைச் செய்வது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், அதைத் தோட்டத்தில் வளர்க்கும் முறையின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும். அறியாதவர்கள் அன்பின் மிகுதியால் மரத்தின் பூப்பைக் கெடுத்துவிடுகிறார்கள்.

லின்னேயஸ் 1753-இல் கேசியா ஃபிஸ்டுலா என்று பெயரிட்ட இம்மரம், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தையும் அதை அடுத்த தென்கிழக்கு ஆசியப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்டது. பத்து முதல் பதினைந்து மீட்டர் உயரம் வளரும் நடுத்தர மரமாகையால் வீட்டுத் தோட்டத்திற்கு அளவில் பொருந்துகிறது. சிவபெருமானின் சடையில் சூடப்படும் மலர் என்ற வகையில் தமிழ் வழிபாட்டிலும், விஷுக் கணியில் வைக்கப்படும் மலர் என்ற வகையில் கேரளத்திலும் அதற்குத் தனி இடம் உண்டு. கேரளத்தின் மாநில மலரும் தாய்லாந்தின் தேசிய மலரும் இதுவே. மயிலம் முருகன் கோயிலைப் பேணிவரும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரோடு இணைந்த பொம்மையார்பாளையத்தில், சிவனுக்குரிய மரத்தை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு வேறு காரணம் தேவைப்படாது.

இலையுதிர்வை மரத்தின் தளர்ச்சியாகக் கருதுவது பலருடைய வழக்கம். உண்மையில் அது கணக்கறிந்த ஒரு சிக்கனம். இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியாகவே மரம் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாக வெளியேறுகிறது. மேல்மண் வறண்டு, வேர் தரும் நீர் இலையின் செலவுக்கு ஈடுகொடுக்க முடியாத நிலை வரும்போது, காம்பின் அடியில் ஒரு பிரிவடுக்கு உருவாகி இலை உதிர்கிறது. அதன்பின் நிகழ்வதுதான் கவனத்திற்குரியது: ஆழத்தில் இறங்கிய வேர்கள் கீழ்மண்ணிலிருந்து இன்னமும் சிறிதளவு நீரை எடுத்துக்கொண்டே இருக்க, அதைச் செலவழிக்க இலை இல்லாமையால், வற்றிப்போயிருந்த தண்டும் கிளைகளும் மெல்ல மெல்ல மீண்டும் நீர் நிரம்புகின்றன. இலவத்தைப் போன்ற மென்கட்டை மரங்கள் தம் பருத்த தண்டிலேயே நீரைத் தேக்கி வைக்க வல்லவை. கொன்றையின் கட்டை அடர்ந்தது, உறுதியானது என்பதால் அவ்வளவு தேக்கத்திற்கு அதில் இடமில்லை, அது கீழ்மண்ணின் ஈரத்தையே நம்பியிருக்கிறது. கிளைகளில் நீரழுத்தம் மீண்ட பின்னரே மொட்டுகள் பருத்து விரிய முடியும். ஆகவே மழை ஒரு துளியும் விழாத மாதத்தில் பூ விரிவதற்கான நீரை, இலையை இழந்ததன் மூலமே மரம் ஈட்டுகிறது.

நீர் கிடைத்தால் மட்டும் போதாது, எப்போது விரிவது என்பதற்கும் ஓர் அறிகுறி வேண்டும். ஸ்டீஃபன் எலியட், பேட்ரிக் பேக்கர், ரோல்ஃப் போர்ச்சர்ட் ஆகியோர் தாய்லாந்தின் பருவக்காற்றுக் காடுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பல மரங்கள் மழைக்குக் காத்திராமல் வறட்சியின் நடுவிலேயே தளிர்விடுவதைச் சுட்டிக்காட்டி, பகல்பொழுது அரை மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ நீளுவதே அதற்குத் தூண்டுதலாகலாம் என்று விளக்கியது. கொன்றையின் பூவுக்கும் அதே அறிகுறி பொருந்தலாம். பொம்மையார்பாளையம் ஏறத்தாழ வடக்கு 12 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. மனிதர் உணராத அந்த நுண்ணிய நீட்சியை மரம் உணர்வது வியப்புக்குரியது. ஆனால் மழையைவிட நம்பத்தகுந்த நாள்காட்டி சூரியனே என்பதை எண்ணிப் பார்த்தால், அதில் ஒரு நியாயமும் தெரிகிறது.

இதிலிருந்து தோட்டத்தில் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் பாடம், நீர் ஊற்றாமல் இருக்க வேண்டிய காலத்தை அறிவதுதான். நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில், வேர் ஆழம் செல்லும் வரை, கோடையில் வாரம் ஒரு முறையோ இரு முறையோ நன்கு நனையும்படி நீர் விடுவது இன்றியமையாதது. வேர் ஊன்றிய மரத்திற்கு மாசி, பங்குனி மாதங்களில் அன்றாடம் நீர் பாய்ச்சினால், அது இலையை வைத்துக்கொண்டே காலத்தைக் கடத்துகிறது. பூஞ்சரங்கள் எண்ணிக்கையில் குறைந்து, இலைகளுக்கிடையே மறைந்தும் போகின்றன. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் சிங்கப்பூரில், சாலையோரங்களில் நடப்பட்ட கொன்றைகள் நீண்ட வறண்ட இடைவெளிக்குப் பிறகே சிறப்பாகப் பூக்கின்றன. புல்வெளியின் நடுவே அழகுக்காக ஒரு கொன்றையை நட்டு, புல்லுக்குத் தினமும் தெளிப்பு நீர் பாய்ச்சும் வழக்கம் இப்போது கடற்கரை விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் பரவியுள்ளது. புல் விரும்புவதும் கொன்றை விரும்புவதும் ஒன்றல்ல. இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரத்தின் அமைப்பையும் பூவின் அமைப்பையும் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு சரம் பொதுவாக முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நீளம் தொங்கும். அதன் அடிப்பகுதியில் உள்ள பூக்கள் முதலில் விரிய, நுனியில் மொட்டுகள் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்களும் பத்து மகரந்தத்தாள்களும் உண்டு. மகரந்தத்தாள் என்பது மகரந்தத்தூளை உண்டாக்கும் ஆண் உறுப்பு. கொன்றையில் அவை மூன்று வகையாகப் பிரிந்து நிற்கின்றன. கீழ்ப்புறத்தில் உள்ள மூன்று நீண்டு, இரட்டை வளைவாக வளைந்து, இதழ்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் உள்ள நான்கு குட்டையாக நேராக நிற்கின்றன. எஞ்சிய மூன்று மிகச் சிறியவை, பெரும்பாலும் பயனற்றவை. பூவில் தேன் இல்லை. வரும் வண்டுக்கும் தேனீக்கும் கொடுக்க மகரந்தத்தைத் தவிர வேறு எதுவும் மரத்திடம் இல்லாமையால், ஒரு சிக்கல் எழுகிறது: விருந்தினர் மகரந்தம் முழுவதையும் உணவாக எடுத்துச் சென்றுவிட்டால், அடுத்த பூவைச் சென்றடைய எது மிஞ்சும்?

இந்தச் சிக்கலுக்கான விடையே தாள்களின் வேறுபாடு என்ற கருத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியத் தாவரவியலர் ஹெர்மன் முல்லர் முன்வைத்தார். நடுவில் உள்ள குட்டைத் தாள்கள் உணவளிப்பவை. கீழே வளைந்த நெடுந்தாள்கள் இனப்பெருக்கத்திற்கானவை. ஊர்களில் கருவண்டு என்று அழைக்கப்படும் தச்சுத் தேனீ, குட்டைத் தாள்களைப் பற்றிக்கொண்டு தொங்கி, சிறகை விரிக்காமலேயே பறத்தலுக்கான தசைகளை நொடிக்குச் சில நூறு முறை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வில் மகரந்தப்பையின் துளை வழியே தூள் பீறிட்டு வந்து வண்டின் அடிவயிற்றில் படிகிறது. அதே வேளையில் வளைந்த நெடுந்தாள்களின் தூள், வண்டு தன் கால்களால் எளிதில் வழித்தெடுக்க இயலாத முதுகுப் புறத்தைச் சேர்கிறது. சூலகத்தின் முனையும், அதாவது மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் சூல்முடியும், நெடுந்தாள்களைப் போலவே வளைந்து அதே இடத்தைத் தொடும்படி அமைந்திருப்பதால், அடுத்த பூவில் முதுகுத் தூள் அதன்மேல் ஒட்டுகிறது. சாதாரணத் தேனீக்களால் இவ்வாறு அதிர முடிவதில்லை. எனவே கொன்றை வளர்ப்பவர் தோட்டத்தின் ஒரு மூலையில் காய்ந்த மரத்துண்டு ஒன்றையோ பழைய மூங்கில் கழிகளையோ விறகுக்கு எடுக்காமல் விட்டுவைப்பது நல்லது. கருவண்டு அவற்றைத் துளைத்தே கூடு கட்டுகிறது. கூட்டுக்கு இடமில்லாத, துப்புரவாகப் பெருக்கப்பட்ட தோட்டத்தில் அது தங்குவதில்லை.

நூற்றுக்கணக்கான பூக்களில் காயாவது மிகச் சில. உருளை வடிவில் முப்பது முதல் அறுபது சென்டிமீட்டர் வரை நீளும் காய், பச்சையாகத் தொடங்கி, மாதங்கள் பல கடந்து கறுத்து முதிர்கிறது. உள்ளே காசுகளை அடுக்கியது போன்ற மெல்லிய தடுப்புகள். ஒவ்வோர் அறையிலும் ஒட்டும் கருஞ்சதையில் பதிந்த ஒரு விதை. காய் தானாக வெடிப்பதில்லை. இனிப்புச் சதையை விரும்பும் நரி, கரடி, காட்டுப்பன்றி, குரங்கு ஆகியவை காயை உடைத்துத் தின்று, விதையை வேறிடத்தில் கழிக்கின்றன. அச்சதையில் உள்ள ஆந்த்ராகுயினோன் வகைச் சேர்மங்கள் குடலை இளக்கும் தன்மை உடையவை. சித்த மருத்துவமும் யுனானியும் இதை அளவறிந்து பயன்படுத்துகின்றன. அளவறியாமல் குழந்தைகள் சுவைத்துப் பார்த்தால் வயிற்றுப்போக்குக்கு ஆளாவார்கள் என்பதால், காய்கள் உதிரும் காலத்தில் அவற்றைப் பொறுக்கி அகற்றுவது நலம்.

விலங்குகள் அருகிவிட்ட இக்காலத்தில் மரத்தடியில் காய்கள் அப்படியே கிடந்து மக்குகின்றன. அவற்றின் விதைகள் முளைக்காமல் போவது விதையுறக்கத்தால் விளைவது. விதையின் மேலுறை நீரே புகாத அளவுக்கு இறுகியது. உயிருள்ள கருவை உள்ளே வைத்துக்கொண்டு பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், அது சும்மா கிடக்கும். வனத்துறை நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலத்தில் விதைகளைச் சில நிமிடங்கள் இட்டுக் கழுவும் முறை உண்டு. வீட்டில் அந்த ஆபத்தான வேலை வேண்டியதில்லை. சதையை நீரில் கழுவி விதைகளை நிழலில் உலர்த்தி, கருவிருக்கும் முனையைத் தவிர்த்து மறுபுறத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே இருக்கும் வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்தி, ஓரிரவு நீரில் ஊறவைத்தால், இருமடங்காகப் பருத்த விதைகள் நீர் புகுந்துவிட்டதைக் காட்டிவிடும். பருக்காதவற்றை மீண்டும் தேய்க்க வேண்டும். இவ்வாறு பக்குவப்படுத்தியவை ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் முளைக்கின்றன.

நாற்றுப்பையில் செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பலாம். அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் வழியாகக் காற்றின் நைட்ரஜனை இது தானே சேர்த்துக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு; அக்குடும்பத்தின் பெரும்பாலான உறவினரைப் போலன்றி, கொன்றையின் வேர்களில் முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆகவே எரு தேவை; ஆனால் மிகை எரு இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். இதைவிடக் கவனிக்க வேண்டியது ஆணிவேர். நேராகக் கீழே இறங்கத் துடிக்கும் அந்த முதன்மை வேர், பையின் அடியில் முட்டியதும் சுருண்டுகொள்கிறது. சுருண்ட வேர் நட்ட பிறகும் நிமிர்வதில்லை. அத்தகைய மரம் கீழ்மண்ணின் ஈரத்தை எட்டாது, புயலையும் தாங்காது. ஆளுயரத்தில் பூத்து நிற்கும் கன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்குவதைவிட, முழங்கால் உயரத்தில் வேர் சுருளாத கன்றை வாங்குவதே அறிவுடைமை.

மண்ணைப் பற்றி இவ்வட்டாரத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே உயரும் மேடு, நிலவியலர் கடலூர் மணற்கல் என்று அழைக்கும், இரும்பு கலந்து சிவந்த படிவுகளால் ஆனது. இதே படிவின் பகுதியான திருவக்கரையில்தான், அவரைக் குடும்பத்து மரங்கள் உட்படப் பல பழங்கால மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இறுக்கம் குறைந்த இந்தச் செம்மண்ணை, மரப் போர்வை நீங்கிய இடங்களில் ஐப்பசி மழை அறுத்து அறுத்து, இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் ஆழமான ஓடைப் பள்ளங்களாக ஆக்கியிருக்கிறது. அவற்றை அழகாகக் காண்பவர்கள், அவை ஒரு காலத்து மேல்மண்ணின் இழப்பு என்பதையும் உடன் காண வேண்டும். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், இந்த மேட்டில் வரப்புகள் எழுப்பி மழைநீரை நிறுத்தி, மரம் வைத்து மண்ணை மீட்டதன் பயனை இன்று கண்ணால் காணலாம். மரக்காணம் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ள சோலை, இக்கரையின் இயற்கைக் காடான வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டு. பசுமைமாறா மரங்கள் மிகுந்த இவ்வகைக் காடுகளின் ஓரங்களில் இலையுதிர்க்கும் கொன்றையும் கலந்து வாழ்கிறது.

செம்மண்ணின் சிறப்பு, நீர் தேங்காமல் வடிவது. கொன்றை வறட்சியைப் பொறுக்கும். வேரைச் சுற்றி நிற்கும் நீரைப் பொறுக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. அத்தகைய நாள்களில் பள்ளமான மூலையில் நட்ட கன்று அழுகிவிடும். மேடான பகுதியே கொன்றைக்கு ஏற்றது. இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழியைக் கோடையிலேயே வெட்டி ஆறவிட்டு, ஆவணி, புரட்டாசி மாதங்களில், பெருமழைக்கு முன்னே பெய்யும் இடிமழையின் ஈரத்தில் நட்டால், கன்று வேர் பிடித்த நிலையில் ஐப்பசி மழையைச் சந்திக்கும். சுவரிலிருந்தும் அடுத்த மரத்திலிருந்தும் ஐந்து, ஆறு மீட்டர் இடைவெளி வேண்டும். முழு வெயில் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தாக்கிய தானே புயல் இப்பகுதியின் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது என்பதை நினைவில் கொண்டு, கன்றை முதல் ஆண்டில் தளர்வாக மட்டுமே கட்ட வேண்டும். காற்றில் ஆடி வளரும் தண்டே அடிப்பகுதியில் பருத்து வலுவடைகிறது.

கடலை நேராக எதிர்கொள்ளும் மனைகளில் உப்புக்காற்று இளந்தளிரைக் கருக்கும். அங்கே முன்வரிசையில் புன்னையும் பனையும் நிற்க, அவற்றின் மறைவில் கொன்றையை வைக்க வேண்டும்.

நாற்றுப் பண்ணைகளில் கொன்றை என்ற பெயரில் பல மரங்கள் விற்கப்படுவதால் வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெருங்கொன்றை எனப்படும் இயல்வாகை, பூக்கள் மேல்நோக்கி நிமிர்ந்து, செம்பு நிறத் தட்டைக் காய்களை உடையது. நல்ல நிழல்மரமே ஆயினும் வேறு மரம். மஞ்சள் பூவுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி உள்நாட்டுச் செடிகளை ஒடுக்கிவருவதால், தமிழ்நாடு வனத்துறை அதை வேரோடு அகற்றிவருகிறது. அதை எந்தத் தோட்டத்திலும் வைக்கக் கூடாது. கன்றிலேயே வேறுபாடு காணலாம்: சரக்கொன்றையின் ஓர் இலையில் மூன்று முதல் எட்டு இணைச் சிற்றிலைகளே இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்கு அகலமாக. ஹவாயில் கொன்றையையும் சாவகக் கொன்றையையும் கலந்து உருவாக்கிய வானவில் நிறக் கலப்பினம் காய் உதிர்க்காது என்பதால் சாலைகளுக்கு விரும்பப்படுகிறது. ஆயினும், காயும் விதையும் இல்லாத மரம் ஓர் உயிர்ச்சூழலுக்குத் தருவது குறைவு.

தளிர்க் காலத்தில் இலைகளைப் பச்சைப் புழுக்கள் ஓரத்திலிருந்து அரித்துத் தின்பதைக் கண்டு மருந்தடிக்க ஓடுபவர்கள் பலர். அவை பெரும்பாலும் கட்டோப்சீலியா பொமோனா என்னும் எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்; கொன்றை அவற்றின் தாய்ச்செடிகளுள் ஒன்று. ஊன்றிய மரம் இழந்த இலையைச் சில வாரங்களில் மீட்டுக்கொள்ளும். சிறு கன்றில் மட்டும் புழுக்களைக் கையால் எடுத்து விடலாம்.

கிளை நறுக்குவதிலும் காலம் முக்கியமானது. முந்தைய பருவத்தில் வளர்ந்த குச்சிகளின் இலைக்கக்கங்களிலிருந்தே சரங்கள் புறப்படுகின்றன. மார்கழியிலும் தையிலும் மரத்தை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி வெட்டுபவர், வரப்போகும் சித்திரையின் பூக்களையே வெட்டி எறிகிறார். பூத்து ஓய்ந்தபின் ஆனி, ஆடி மாதங்களில், காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் மட்டும் நீக்குவது போதும். விதையிலிருந்து வளர்ந்த மரம் முதற்சரம் காட்டப் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு மேல் ஆகும்.

சங்க இலக்கியம் கொன்றையைச் சித்திரைக்கு அன்றிக் கார்காலத்திற்கே உரிய பூவாகக் காட்டுவது இங்கே எண்ணத்தக்கது. குறுந்தொகையின் 66-ஆம் பாடலில், கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற தலைவன் வராத நிலையில் கொன்றை பூத்துவிட, இது காலமல்லாத மழை, மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். கொன்றை சில ஆண்டுகளில் மழை பெய்தபின் இரண்டாம் முறை பூப்பது இன்றும் காணக்கூடியது. பகல்நீளம் ஒரு தூண்டுதல் எனில், வறட்சிக்குப் பின் வரும் திடீர் மழையும் மற்றொரு தூண்டுதலாகிறது என்பதைத் தோழியின் சொல் நுட்பமாக உணர்ந்திருக்கிறது. கேரளத்தில் விஷுவுக்கு வாரக்கணக்கில் முன்பே கணிக்கொன்னை பூத்து ஓய்ந்துவிடுவது இப்போது ஆண்டுதோறும் பேசப்படுகிறது; பள்ளி மாணவர்கள் பெருமளவில் பங்கேற்கும் சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டம் இத்தகைய மாற்றங்களை மரம் மரமாகப் பதிவு செய்துவருகிறது. பொம்மையார்பாளையத்தில் ஒரு கொன்றையை வளர்ப்பவரும், இலை உதிரத் தொடங்கிய நாள், முதற்பூ விரிந்த நாள், இடையில் மழை பெய்திருந்தால் அதன் நாளும் அளவும் ஆகிய இவற்றை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதிவைத்தால், பத்தாண்டுகளில் அந்த மரம் சூரியனைப் பார்த்துப் பூக்கிறதா, மழையைப் பார்த்துப் பூக்கிறதா என்பதை அக்குறிப்பேடே சொல்லத் தொடங்கும்.